அம்மா கை தூக்கவில்லை

பிப்ரவரி 6

ஆண்டவருக்குள் அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு மட்டும் முதுகுவலி, அது அவரோடு கூடப் பிறந்தது. நீ, உன் மனைவி, குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்கலாமே என்பாய். போனில் நீ "ஆமாக்கா, ஆசீர்வாதம்க்கா, மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று சொல்லி என்னை வழியனுப்பிவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, பார்.

செய்தி இதுதான். நம் ஆயர் ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. இந்தச் சின்னச் சபைக்கு வர வேறு யாரும் தயாராக இல்லை. கமிட்டி கூடி, நீ வேலை செய்கிற தலைமைச் சபையோடு எங்களைச் சேர்த்துவிட்டது. இனிமேல் நாங்கள் ஒரு கிளை. பிரசங்கபீடத்தைப் பெயர்த்துவிட்டுச் சுவர் அளவுக்கு ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் உங்கள் தலைவர் அதில் தோன்றிப் பிரசங்கம் செய்கிறார். பல்வரிசை பிரமாதம். பல் செட் செய்து பிழைக்கிறவள் சொல்கிறேன், முன்வரிசையில் ஒன்றுகூடச் சொந்தமில்லை.

மறுமொழி நேரம் உனக்கு ஞாபகம் இருக்கும். பிரசங்கம் முடிந்ததும் ஆயர் நாற்காலி போட்டு உட்காருவார், யார் வேண்டுமானாலும் எழுந்து "அது எப்படிங்க?" என்று கேட்கலாம். முதல் ஞாயிறு தலைவர் திரையில் முடித்தவுடன், நம் தச்சர் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். "ஐயா, விசுவாசம் இருந்தா வியாதி அண்டாதுன்னீங்க. எங்க ஆயரோட முழங்காலுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார். திரையில் பாட்டுக் குழு வந்துவிட்டது. மனிதர் உட்காரவே இல்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே போதனைப் பிரிவில் இருப்பதாகச் சொன்னாயே, என்னதான் வேலை? எங்கள் திரையில் உன் முகம் எப்போது வரும்?

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டிக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். கிருபையால் நாங்கள் மூவரும் நலம். அத்தான் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும்.

உங்கள் சபை எங்களோடு இணைந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சின்னச் சபைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிற காலம் இது. உங்கள் கதவு திறந்திருக்கிறதே, அதை நினைத்துப் பார். எங்களுக்கு இப்போது முப்பதுக்கும் மேல் கிளைகள். எல்லாக் கிளையிலும் ஆராதனை ஒரே நிமிடத்தில் தொடங்கி ஒரே நிமிடத்தில் முடிய வேண்டும். அதில் மறுமொழி நேரத்துக்கு இடமில்லை. தச்சரிடம் பக்குவமாகச் சொல்.

என் வேலை தலைவருக்கு ஆய்வு உதவி. புத்தகங்கள் பார்ப்பது, குறிப்பு எடுப்பது. சபையே கொடுத்த வீடு, சுற்றிலும் மரங்கள். குட்டி இங்கே உள்ள பள்ளியில் சேர்ந்துவிட்டாள். குறை ஒன்றுமில்லை.

உனக்காக ஜெபிக்கிறேன்.

தம்பி


மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். ஒத்தடம் கொடுத்தோம், அத்தான் முதுகு அசைந்து கொடுக்கவில்லை. குட்டிக்குப் பள்ளி பிடித்திருக்கிறதா?

நேற்றைய பிரசங்கத்தில் தலைவர் ஒன்று சொன்னார்: "கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டுதான் போவான், அதைத் திருப்பிக் கொடுக்கவாவது வந்துதானே ஆக வேண்டும்." சபை சிரித்தது. நான் அத்தான் விலாவில் இடித்தேன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவருடைய செருப்பிலேயே கிளம்பிப் போனவன் யாரென்று எனக்குத் தெரியாதா? அப்புறம் உற்றுக் கேட்டால் எல்லாமே நீ. மூச்சு விடுகிற இடம்கூட நீ. வாய் அவருடையது, பேச்சு உன்னுடையது.

ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. நான் கட்டிய பல்லை யாராவது மாட்டிக்கொண்டு சிரித்தால் எனக்குச் சந்தோஷம், அது என் தொழில். ஆனால் அவர்கள் "இது நான் முளைக்க வைத்தது" என்று கூட்டம் போட்டுச் சொன்னதில்லை.

நீதானே எழுதுகிறாய்? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். குட்டிக்குச் சளி, இப்போது தேவலை.

பெரிய ஊழியம் என்றால் பல கைகள் சேர்ந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது. செய்தி ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா, யார் கை பட்டது என்பதா முக்கியம்? தலைவருக்கு வாரம் முழுவதும் பயணம். மேடை ஏறிய பிறகுதான், காமிராவுக்குக் கீழே எழுத்துகள் ஓடும் சின்னத் திரையில், அன்றைய பிரசங்கத்தை முதல் தடவையாகப் பார்க்கிறார். பார்த்த மாத்திரத்தில் கண் கலங்கப் பேசுகிறார் என்றால் அது வரம் இல்லாமல் என்ன?

இந்த விஷயத்தை வெளியில் பேசாதே அக்கா. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

தம்பி


மே 4

தம்பி,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். குட்டியின் சளி போய்விட்டதா?

நேற்று உன் தலைவர் திரையில் வந்து, "என் தாயாரின் கடைசி நாட்களைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை" என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வார்டு. ஜன்னலோரக் கட்டில். கணவருக்காக எத்தனையோ ஜெபித்தும் அவரைப் பறிகொடுத்த, வாழ்நாளெல்லாம் பாட்டுக் குழுவில் பாடிய ஒரு பெண். சபையிலிருந்து பார்க்க வந்தவர்கள் கை தூக்கி ஆண்டவரைத் துதிக்கச் சொல்கிறார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நானும் அவரும் இப்போ பேசிக்கிறதில்லை" என்கிறாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

அதற்கு மேல் வந்ததுதான் என்னை எழுப்பி நிறுத்தியது. விடியற்காலையில் அந்தத் தாயின் முகம் பிரகாசித்ததாம். இரண்டு கைகளையும் உயர்த்தினாளாம். துதித்துக்கொண்டே உயிரை விட்டாளாம். முப்பது கிளையிலும் ஜனங்கள் அழுதிருப்பார்கள். எங்கள் கிளையிலும் அழுதார்கள்.

நான் எழுந்து சொன்னேன்: "அது எங்க அம்மா. அவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. எங்க அம்மா கையைத் தூக்கலை. போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க." திரையில் அவர் பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டிருந்தார். கமிட்டித் தலைவர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். நானும் கூட்டினேன்.

எனக்கு நீ பதில் சொல்ல வேண்டும். அம்மாவை எடுத்துக் கொடுத்தாய், சரி, உனக்கும் அவர்கள் அம்மாதான். அந்தக் கைகளைத் தூக்கிவிட்டது யார்?

அக்கா


மே 26

தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபத்தில் கேட்டாலும் கவலையோடுதான் கேட்கிறேன்.

கமிட்டி என்னைக் கூப்பிட்டது. பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பை இனி நான் எடுக்கக் கூடாது. ஜூலை முதல் ஞாயிறு, தலைமைச் சபையின் ஆண்டு விழா. அன்றைக்குக் காமிரா முன்னால் நின்று நான் மன்னிப்பு வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் சபை அங்கத்தினர் நிலையே போய்விடுமாம். நான் ஞானஸ்நானம் பெற்ற சபை, தம்பி. அம்மாவை அடக்கம் செய்ய எடுத்துப் போனதும் அதே வாசல் வழியாகத்தான்.

வாசிக்க வேண்டியதையும் தலைமைச் சபை தயாராகவே அனுப்பியிருக்கிறது. பிரித்துப் படித்தேன். "துக்கம் சில வேளை நம் நினைவுகளையே நமக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது." எவ்வளவு அழகான வரி! மூச்சு விடுகிற இடம் தெரிகிறது.

உன் அக்கா உன் தலைவரிடம் மன்னிப்புக் கேட்பதற்கு உன்னையே எழுத வைத்திருக்கிறார்கள். நீயும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய்.

அத்தான் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். வேறு என்னென்னவோகூடச் சொன்னார், அதையெல்லாம் எழுத மாட்டேன்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்பு பரவாயில்லை, தூக்கம்தான் சரியில்லை. உன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

தயவுசெய்து வாசித்துவிடு. அரைப் பக்கம்தான். எவ்வளவு மென்மையாக எழுத முடியுமோ அவ்வளவு மென்மையாக எழுதியிருக்கிறேன், வேறு ஆளிடம் போயிருந்தால் உன்னைப் பைத்தியக்காரி என்றே எழுதியிருப்பான். நீ என் அக்கா என்பது அவர்களுக்குத் தெரியும். நீ வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். இந்த வீடு சபையுடையது. குட்டியின் பள்ளியும் சபையுடையது. இந்த வயதில் எனக்கு வேறு என்ன தொழில் தெரியும்?

அந்தப் பிரசங்கத்தைத்தான் இதுவரை அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆண்டு விழாவில் அதையே இன்னும் விரிவாகத் தலைவர் பேச வேண்டுமாம். எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு உன் வாசிப்பு.

நீ கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறது. இப்போது வேண்டாம் அக்கா.

உன் தம்பியாகக் கேட்கிறேன், தலைமைச் சபை ஊழியனாக அல்ல.

தம்பி


ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை போடுகிறேன். நீ தூங்கு.

வாசிக்க மாட்டேன்.

உன் வீடு போனால் எனக்கு நெஞ்சு வெடிக்கும். குட்டி பள்ளி மாறி அழுதால் நானும் சேர்ந்து அழுவேன். ஆனாலும் வாசிக்க மாட்டேன். என் வீட்டில் அறை இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

அம்மா அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று நீ முழுசாக எழுதவே இல்லை. நான் எழுதுகிறேன், கேள். "நானும் அவரும் இப்போ பேசிக்கிறதில்லை. எங்களுக்குள்ள நாங்க தீர்த்துக்கிறோம். நீங்க யாரும் நடுவுல வராதீங்க." சொல்லிவிட்டு இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள். வந்தவர்கள், விசுவாசக் குறைவு என்று வராந்தாவில் நின்று நம் காதுபடப் பேசினார்கள். மறுநாள் அம்மா போய்விட்டார்கள். கை உள்ளேதான் இருந்தது. நான்தான் எடுத்துத் துடைத்துவிட்டேன். நீ கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாய்.

அம்மாவும் ஆண்டவரும் சமாதானம் ஆனார்களா என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை. அம்மா நடுவில் வராதீர்கள் என்றார்கள். உன் தலைவர் காமிராவோடு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவன் நீ. கோபப்பட்ட ஒருத்தியைக் கோபத்தோடு சாகவிடுகிற தைரியம்கூட இல்லாத சபைக்கு எதற்கு இத்தனை கிளைகள்?

இனி நீ கேட்காதே, நானும் கேட்கவில்லை. சாப்பாட்டை விடாதே.

அக்கா


ஜூலை 5, ஞாயிறு மாலை

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? எங்கே இருக்கிறாய்? உன் போன் அணைந்து கிடக்கிறது. உன் மனைவியுடையதும் அப்படியே. எனக்குத் தெரிந்த விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன், யாராவது உன் கையில் சேர்க்கட்டும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் காமிரா, கையில் உன் அரைப் பக்கம். தலைவர் ஆரம்பித்தார். வார்டு, ஜன்னல், கட்டில் எல்லாம் அப்படியே வந்தன. "நீங்கள் யாரும் நடுவில் வராதீர்கள்" என்று அவர் வாயிலிருந்து வந்தபோது என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த வரி போன தடவை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "விடிந்தது. அவர் கைகளைத் தூக்கவில்லை. துதிக்கவில்லை. கோபத்தோடுதான் போனார். அவர் என் தாயும் அல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கீழே அந்தச் சின்னத் திரையைப் பார்க்கிறார், வாயைத் திறக்கிறார், மூடுகிறார். சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. அவர்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது, கொஞ்ச நேரம்தான். பிறகு திரை நீலமாகிவிட்டது.

தச்சர்தான் எழுந்தார். "அப்ப யாரோட அம்மாங்க அது?"

"எங்க அம்மா. நான்தான் மே மாசமே சொன்னேனே" என்றேன். கேட்டுவிட்டு எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். கமிட்டித் தலைவர் பாட்டுப் போடச் சொன்னார். போடுகிற பெண் போடவில்லை. நம் பழைய ஆயர் பின்வரிசையிலிருந்து கைத்தடியோடு முன்னால் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுமொழி நேரம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்ததே போதுமாக இருந்தது.

முதலில் எழுந்தது மகனைப் பறிகொடுத்த அந்தத் தையல்காரம்மா. "அவன் போனதிலிருந்து நான் பாடறதில்லை. வாயை மட்டும் அசைக்கிறேன். யாரும் கண்டுபிடிக்கலை" என்றாள். பிறகு இன்னொருவர், அவருக்குப் பிறகு இன்னொருவர். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், ஒருவருக்கும் மற்றவரைத் தெரியவில்லை.

அரைப் பக்கத்தைக் காமிராக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி, ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஜூலை 21

அக்கா,

நாங்கள் மூவரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தைப் பழைய வீட்டுக் காவலாளி கொண்டுவந்து கொடுத்தார். இப்போது என் மாமனார் வீட்டில் இருக்கிறோம். அன்று மதியமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எழுதியதை வெளியில் சொன்னதற்கு வழக்குப் போடுவார்களாம். போடட்டும். நான் எங்கே சொன்னேன்? சொன்னது அவர்.

அந்தக் கைகளைத் தூக்கியது நான்தான். அவர்கள் கேட்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நின்றபோது, அம்மா ஒரு தடவை கையைத் தூக்கிவிட மாட்டார்களா என்று இருந்தது. தூக்கியிருந்தால் என் படிப்பு, என் அழைப்பு எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் தூக்கவில்லை, நான் எழுதித் தூக்கினேன். முப்பது கிளை அழுதது. உன் ஒருத்திக்குத்தான் கோபம் வந்தது.

வீட்டுக்கு வரச் சொல்கிறாய். வருகிறேன், ஆனால் உங்கள் சபைப் பக்கம் என்னைக் கூப்பிடாதே. ஜெபிக்க உட்கார்ந்தால் வாக்கியம் அமைக்கிறேன் அக்கா. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தாழ வேண்டும் என்றுதான் மனம் ஓடுகிறது. எது ஜெபம், எது எழுத்து என்று எனக்கே தெரியவில்லை. இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


ஜூலை 29

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் சாப்பாடு இறங்கியது. அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். முதுகுவலியோடு அத்தானே கட்டிலைத் தூக்கிப் போட்டார், இப்போது அனத்திக்கொண்டிருக்கிறார். குட்டிக்கு இங்கே பள்ளியில் பேசியாகிவிட்டது.

தலைமைச் சபை எங்கள் கட்டிடத்துக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டது. கிளை கலைக்கப்பட்டது என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். கலைந்து போக யார் இருக்கிறார்கள்? தச்சர் பட்டறையில் கூடுகிறோம். பாதிப் பேர் வந்தார்கள், மீதிப் பேர் திரை இருக்கும் இடம் தேடிப் போனார்கள். கமிட்டித் தலைவர் போன ஞாயிறு தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். வருவார்.

சபையில் உன்னை என்ன செய்வோம் என்று கேட்டிருந்தாய். பிரசங்கம் செய்ய உன்னை யாரும் கூப்பிடவில்லை. அதற்கு ஆயர் இருக்கிறார், உட்கார்ந்தபடியே பேசுகிறார், முன்னைக்கு இப்போது நன்றாகவே இருக்கிறது. ஜெபிக்கவும் கூப்பிடவில்லை. ஜெபிக்க முடியாதவர்களின் கூட்டம்தான் இப்போது எங்களுக்குப் பெரிய கூட்டம், தையல்காரம்மா பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நீ வாயைத் திறக்காமல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உட்காரலாம். யாராவது வந்து உன்னிடம் கை தூக்கச் சொன்னால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். சனிக்கிழமை வரை பட்டறையில் வேலை நடக்கிறது. ஞாயிறு காலை மரத்தூளைக் கூட்டி, பலகைகளை ஓரம் கட்டி, நாற்காலி போட ஆள் போதவில்லை. சீக்கிரம் வா.

அக்கா